டிவி ஓடாத சலூன்

"என்னய்யா இது, சலூனா இல்ல இழவு வீடா?"

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் வீட்டு புரோக்கர். இடிந்த வீட்டைக்கூட வாயாலேயே மாளிகையாக்கி விற்றுவிடுவார். பதினைந்து நாள் வெளியூரில் இருந்துவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தார்.

சலூன்காரர் பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தார்.

நாற்காலியில் ஒருவர் முகத்தில் துண்டோடு சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பெஞ்சில் இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எப்போதும் அலறிக்கொண்டிருக்கும் டிவி அணைந்து கிடந்தது.

"மெதுவாப் பேசுங்கண்ணே. போனை அந்த டிராயர்ல போட்டுட்டு உட்காருங்க."

"டிராயர்லயா? எதுக்கு?"

"இப்பல்லாம் இங்க டிவி, போன் எதுவும் கிடையாதுண்ணே. முதல் ரெண்டு நாள் எனக்கே காதுக்குள்ள என்னமோ மாதிரி இருந்துச்சு. இப்பப் பழகிடுச்சு."

"நல்லாப் பழகினே போ! எதிர்ல புதுக் கடையில ரெண்டு டிவி ஓடுது. உன் ஆளுங்கள்ல பாதிப் பேர் அங்கதான் உட்கார்ந்திருக்கான். எந்தச் சாமியார்கிட்ட உபதேசம் வாங்கினே?"

நாற்காலியில் இருந்தவர் லேசாக அசைந்தார். சலூன்காரர் ஓடிப்போய் துண்டை அவர் காதை மூடும்படி இழுத்துவிட்டார். மூச்சு மறுபடி சீராகும்வரை நகரவில்லை.

"இவர் தூங்கத்தான் கடை வச்சிருக்கியா? எழுப்பிவிடுய்யா. எனக்கு அவசரம்."

"எழுப்ப மாட்டேன்ணே. நீங்க வேணும்னா எதிர்க் கடைக்குப் போங்க."

பத்து வருஷ வாடிக்கை. புரோக்கருக்குச் சுருக்கென்றது. 'திமிர்தான்' என்று முனகிக்கொண்டே வேண்டுமென்றே போனை எடுத்தார். சலூன்காரர் அவர் கையோடு சேர்த்து அதைப் பிடித்துக்கொண்டார். வாசல் பக்கமாக இழுத்துப்போய் கிசுகிசுத்தார்.

"அவர் டைலர்ணே. நாலாவது மாடிக்குப் பெயின்ட் அடிக்கிறப்போ சாரம் உடைஞ்சு விழுந்து செத்தானே ஒரு பையன்... அவனோட அப்பா."

புரோக்கரின் முகம் வெளுத்தது.

"அன்னிக்கு இதே நாற்காலியிலதான் அவருக்கு ஷேவிங் பண்ணிட்டிருந்தேன். டிவியைப் போட்டது நான். நியூஸ்ல ஓடின வீடியோவுல பையன் கயித்தைப் பிடிச்சுத் தொங்குறதைக் கண்ணாடியில பார்த்துட்டாரு. துள்ளி எழுந்தாரு. கழுத்துல கத்தி பட்டதுகூட அவருக்குத் தெரியலண்ணே."

சலூன்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கப்புறம் பஸ்ல, கடைத்தெருவுல, பக்கத்து வீட்டுல, எங்க போனாலும் யாராவது ஒருத்தர் போன்ல அந்த வீடியோ ஓடுது. பையன் கத்துறது கேக்குது. மனுஷன் எங்கதான் போவாரு? வீட்டுல படுத்தாலும் தூக்கம் வரலையாம். இங்க வந்தாத்தான் ஒரு மணி நேரம் கண்ணை மூடுறாரு. அதுக்காகக் கடையே படுத்தாலும் பரவாயில்லண்ணே."

புரோக்கர் சத்தம் போடாமல் போனை டிராயரில் போட்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"பாவம்யா. பெத்த மனசு என்ன பாடுபடும்! அவர் எழுந்ததும் நானே ஆறுதலா ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறேன்."

"வேண்டாம்ணே." சலூன்காரர் டிராயரைத் திறந்து போனை அவர் கையிலேயே திணித்தார். "அவர் எழுந்திரிக்கிறதுக்குள்ள போயிடுங்க."

"ஏன்யா? நல்ல மனசோடதானே சொல்றேன்?"

"பையன் 'ஏணி, ஏணி'ன்னு கதறுறப்போ, கீழ ஏணிக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு 'விழப்போறான் பாருங்க, விழப்போறான் பாருங்க'ன்னு சொல்லிச் சொல்லிப் படம் பிடிச்சீங்களே... உங்க குரல் அவருக்கு மனப்பாடம்ணே."