பரிசு வாங்கிய யானை

"கையை எடுய்யா! டெல்லியில பரிசு வாங்குன குழந்தைங்க புஸ்தகம்பா அது," என்று நூலகர் சம்பந்தம் அதட்டினார்.

பட்டுக்குச் சாயம் தோய்க்கும் கச்சபேசன் சிவந்த கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அழுக்கு இல்ல சார், சாயம். கழுவினாலும் போவாது. ஒரே ஒரு தபா புரட்டிப் பார்த்துட்டுத் தந்துடறேன்."

"குழந்தைங்களுக்கே குடுக்கறதில்ல, உனக்கா?"

சம்பந்தம் புத்தகத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "வேணும்னா அட்டையைப் பாரு. உள்ளங்கையில சாயம் பூசி அச்சு வெச்ச யானை. கட்டைவிரல் தும்பிக்கை, மத்த விரலுங்க காலு. அதுல ஒரு கால் மட்டும் பாதிதான் இருக்குது. ஏன்னு சொல்லு?"

"அது வந்து சார்..."

"உனக்கெங்க புரியும்? மாடர்ன் ஆர்ட்டுப்பா!"

கச்சபேசன் கண்ணாடியின் மேல், யானைக்கு நேராகக் கையை வைத்தார். பாதி துண்டாகிப்போன மோதிர விரல்கூட அப்படியே பொருந்தியது.

சம்பந்தம் அந்தக் கையைத் தட்டிவிட்டு, கண்ணாடியை அழுந்தத் துடைத்தார்.