நடுவில் நிற்காத குரல்

பாடல்களில் குரலையும் இசையையும் இடம் வலமாக அளந்து கலக்கும் மிக்ஸிங் வேலை செய்யும் இளம்பரிதி, கடையில் நான்காவது ஹெட்போனையும் கழற்றி மேஜைமேல் தொப்பென்று போட்டான். இரண்டு காதிலும் ஒரே அளவில் விழுந்து, நெற்றிக்கு நடுவே நிற்க வேண்டிய பழைய பாட்டுப் பாடகியின் குரல் இதிலும் வலப்பக்கமே ஒதுங்கி நின்றது.

“என்னங்க, விக்கிறதெல்லாம் டப்பாவா இருக்கு? எல்லாத்துலயும் லெஃப்ட் செத்துக் கெடக்கு!”

கடையில் வேலை பார்க்கும் ரெஹானா அதை எடுத்து, இடவலம் மாற்றி அவன் தலையில் மாட்டிவிட்டாள். கோளாறு ஹெட்போனில் என்றால், குரல் இப்போது இடப்பக்கம் தாவ வேண்டும்.

தாவவில்லை.

அவன் கழற்றிவிட்டு இடக்காதருகே விரலைச் சொடுக்கினான். மறுபடியும் சொடுக்கினான். வலக்காதருகே சொடுக்கியபோதுதான் சத்தம் தெளிவாகக் கேட்டது.

“சார், அப்போ உங்க பாட்டுல எல்லாம் குரல் லெஃப்ட்ல தள்ளி நிக்குமே, அது...” ரெஹானா ஹெட்போனைக் கையில் எடுத்தாள். “நானும் மிக்ஸிங் பண்றேன் சார். அது உங்க ஸ்டைல்னுல்ல நெனச்சோம்? இப்ப நாங்க எல்லாருமே அப்படித்தான் பண்றோம்.”

ஹெட்போனை மீண்டும் அவன் தலையில் நேராக மாட்டி, தான் அப்படி மிக்ஸ் செய்த பாட்டொன்றை ஓடவிட்டாள்.

குரல் அவன் நெற்றிக்கு நேர் நடுவே, அசையாமல் நின்றது.