அடைமழையில் சுகோதாய்

“இந்த மழையில சுகோதாய்க்குக் கிளம்புற ஆளு ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்,” என்றாள் புவா. “குளிர்காலம் வரட்டும், போலாம்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்.”

வேன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்த சாய் லூன் திரும்பவில்லை. “குளிர்காலம் வரும். நான் இருக்கணுமே.”

“வாயைக் கழுவுங்க.”

அவருக்கு அறுபத்தொரு வயது. தாய்லாந்து எல்லையோர மே சோட்டில் சோளக்காட்டிலும் கட்டட வேலையிலும் உழைத்து இறுகிய உடம்பு. காலையில் எழுந்ததும் கல்யாணத்துக்குப் போடும் சட்டையை மாட்டிக்கொண்டு, “கிளம்பு” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். மலைச்சாலை ஓடையாகியிருந்தது. வேனில் பாதி இருக்கை காலி.

ஒரு வளைவில் போலீஸ் சோதனைச்சாவடி வந்தது. வேன் வேகம் குறைந்ததும் புவாவின் முகம் வெளுத்தது. சட்டென்று எழுந்து, கணவரை உள்ளே தள்ளிவிட்டு, தான் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

“எதுக்குடி இடிக்கிற?”

“பேசாதீங்க. தூங்குற மாதிரி இருங்க.”

மழைக்கோட்டு போட்ட காவலர் கொட்டகையை விட்டு இறங்கவே இல்லை. போ, போ என்று கையை மட்டும் ஆட்டினார். புவா நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள். சாய் லூனின் முகம் சுருங்கிப்போனது.

“ஏன் தம்பி, வண்டியை நிறுத்திப் பாக்க மாட்டாங்களா?” என்று டிரைவரிடம் கேட்டார்.

“இந்த மழையில எவன் நனைவான்? போலீஸ் நிறுத்தலேன்னு வருத்தப்படுற ஆளை இப்பதான் பாக்குறேன், பெரியப்பா.”

புவா அவர் தொடையில் கிள்ளினாள்.

பழைய தலைநகரான சுகோதாயில் தாமரைக் குளங்கள் நிரம்பி நடைபாதைக்கு வந்திருந்தன. இடிந்த தூண்களுக்கு நடுவே இவர்கள் இருவரும் தவளைகளும்தான். குடை காற்றில் தலைகீழாகி, இரண்டு கம்பி முறிந்தது. அவர் அதைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு நனைந்துகொண்டே நடந்தார்.

“சளி பிடிச்சா கஷாயம் வெச்சுத் தர மாட்டேன், சொல்லிட்டேன்.”

“தராதே.”

சீ சும் கோயிலில், பாசி படர்ந்த உயரமான சுவரின் நடுவே ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. அதற்குள்ளே பெரிய புத்தர் உட்கார்ந்திருந்தார். மேலே கூரை கிடையாது. மழை அவர் தோளில் விழுந்து, மார்பில் இறங்கி, தங்கத் தகடு ஒட்டிய விரல்களில் சொட்டியது.

சாய் லூன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“பள்ளிக்கூடத்துல கூட்டிட்டு வந்தப்ப, விரலே உன் உசரம் இருந்துச்சுன்னு சொல்லுவியே?”

“ஆமா.”

“பொய்யின்னு நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் இருக்கு. நீதான் வளரவே இல்ல.”

புவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் இந்த ஊருக்குத் திரும்ப வந்ததில்லை. சேர்ந்து போய்வரலாம் என்று தங்கை எத்தனையோ முறை கூப்பிட்டும், “போனா அவரோடதான் போவேன்” என்று இருந்துவிட்டாள்.

அவர் ஈரச் செங்கல்லில் மண்டியிட்டு மூன்று முறை தலை தாழ்த்திக் கும்பிட்டார். எழுந்திருக்க நேரமானது.

“அவ்வளவு நேரம் என்ன கேட்டீங்க?”

“ஒண்ணும் கேக்கல. வந்துட்டேன்னு சொன்னேன்.”

அவர் பக்கத்தில் அவளும் மண்டியிட்டாள்.

சூடாக நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் கடைக்காரர் சொன்னார், மலைச்சாலையில் மண் சரிந்துவிட்டது, மே சோட்டுக்கு நாளைதான் வேன் என்று. பக்கத்தில் ஒரு சின்ன விடுதி இருந்தது. புவா வாசலிலேயே அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“வேண்டாங்க. கார்டு கேப்பாங்க. பஸ் ஸ்டாண்டுல உக்காந்துக்கலாம்.”

“கேக்கட்டும்.”

“பிடிவாதம் பிடிக்காதீங்க.”

அவர் ஏற்கெனவே உள்ளே போயிருந்தார். விடுதிக்காரப் பெண் துண்டு கொடுத்தாள். சாய் லூன் அறை கேட்டபோது, அவர் பேச்சில் இருந்த மலைப்பக்கத்து வாடையைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“அடையாள அட்டை குடுங்க.”

புவா முந்திக்கொண்டு தன்னுடையதை நீட்டினாள். “ஒண்ணு போதும்ல, மகளே? இவரு என் வீட்டுக்காரர்தான்.”

“ரெண்டு பேரோடதும் வேணும், பெரியம்மா. போலீஸ் வந்து பாப்பாங்க.”

சாய் லூன் அவளை மெதுவாக நகர்த்திவிட்டு முன்னால் வந்தார். சட்டைக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றியிருந்த அட்டையை எடுத்து, துண்டில் ஒருமுறை துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

அந்தப் பெண் வாங்கிப் பார்த்தாள். புருவம் உயர்ந்தது.

“நேத்து தேதி போட்டிருக்கே. பழைய கார்டு தொலைஞ்சுபோச்சா, பெரியப்பா?”

“பழசுன்னு ஒண்ணு இல்லம்மா,” என்றார் சாய் லூன், நெஞ்சை நிமிர்த்தி. “இந்த மண்ணுலயே பொறந்தும் அறுபத்தொரு வருஷம் நாடில்லாதவனா இருந்தேன். எங்க மாவட்டத்தைத் தாண்டினா பிடிச்சு உள்ள போட்டுருவாங்க, கார்டு கைக்கு வந்தும் அந்தப் பயம் இவளுக்கு இன்னும் போகல. நேத்துதான் நான் தாய்லாந்துக்காரன் ஆனேன்.”