மான் தொட்டி

கொளஞ்சியப்பன் கேனின் மூடியைத் திருகத் தொடங்கியதும், வனக்காப்பாளர் அறிவரசன் மான் பார்க்கும் மேடையிலிருந்து கீழே குதித்தான்.

“கையை எடுய்யா.”

கொளஞ்சியப்பன் எடுத்துவிட்டார். சித்திரை வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அவருடைய பழைய டி.வி.எஸ். வண்டியில் இன்னொரு கேன் கயிற்றால் கட்டியபடி இருந்தது. எதிரே, மான்கள் குடிக்கவென்று வனத்துறை கட்டிய சிமெண்டுத் தொட்டி காய்ந்து கிடந்தது.

புதருக்குப் பின்னாலிருந்து வனக் காவலர் செல்லப்பன் வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

“நேத்து இங்க டயர் தடம் பாத்தப்பவே நெனச்சேன் சார், இந்த வண்டியாத்தான் இருக்கும்னு.”

“கேன்ல என்ன?” என்றான் அறிவரசன்.

“தண்ணிதாங்க.”

“தண்ணியா?” செல்லப்பன் சிரித்தார். “பாடாலூர் பஸ் ஸ்டாப்புல பந்தல் போட்டு ஊத்தினா நாலு பேரு வாழ்த்துவான். காட்டுக்குள்ள யாருக்குண்ணே?”

கொளஞ்சியப்பன் வாயைத் திறக்கவில்லை.

அதுதான் அறிவரசனை உறுத்தியது. இவர் பேசத் தெரியாதவர் அல்ல. தை மாதம் பெரம்பலூரில் நடந்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஊர் சார்பாக வந்தவர். மான் தின்ற மக்காச்சோளத் தட்டையைக் கட்டாகக் கட்டிக்கொண்டுவந்து அதிகாரிகளின் மேசைமேல் போட்டார். “உங்க மானை நீங்க ஓட்டிக்கிட்டுப் போறீங்களா, இல்ல நாங்க மருந்து வைக்கட்டுமா?” என்று கேட்டார். கூட வந்த ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் சோளக்கொல்லை ஓரத்தில் ஒரு பெட்டை மான் செத்துக் கிடந்தது. குடல் சோதனைக்குப் போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை.

தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் போர் மோட்டார் எரிந்து ஒன்றரை மாதம். ஆபீசுக்கு இரண்டு தடவை எழுதிவிட்டு அறிவரசன் காத்திருந்தான். சுற்றுவட்டாரத்தில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இந்த நேரத்தில் காய்ந்த தொட்டியில் ஒரு கேன் ஊற்றினால் மந்தையே வந்துவிடும். விஷம் வைக்க இதைவிடத் தோதான இடம் ஏது?

“என்ன மருந்து? பருத்திக்கு அடிக்கிறதா?”

“மருந்தெல்லாம் இல்லீங்க சார்.”

“அப்ப ஏன் ஆள் இல்லாத நேரமாப் பாத்து வர்ற?”

கொளஞ்சியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஜாமீன்கூடக் கிடைக்காது, தெரியுமா? வருஷக்கணக்கா உள்ள இருக்கணும்.”

“கேஸ் போடுறதுன்னா போட்டுக்குங்க.” கை கூப்பினார். “ஊருக்குள்ள மட்டும் சொல்லிடாதீங்க சார். உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன்.”

இதற்குமேல் என்ன வேண்டும்?

“பாத்தீங்களா,” என்றார் செல்லப்பன். “ஜெயிலுக்குப் பயமில்ல. ஊருக்குத்தான் பயம்.”

“வாயை மூடுடா செல்லப்பா. தண்ணிங்கறேன், நம்ப மாட்டேங்கிறீங்க. இந்தா, குடிச்சே காட்டுறேன்.”

கொளஞ்சியப்பன் சட்டென்று மூடியைக் கழற்றி, கேனைச் சாய்த்து உள்ளங்கையில் பிடித்தார். கை வாய்க்குப் போனது.

அறிவரசனும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். பெரியப்பா ஒருவர் மருந்தைக் குடித்துவிட்டு வரப்பில் கிடந்ததைச் சின்ன வயதில் பார்த்தவன். பாய்ந்து கையைத் தட்டிவிட்டான். கேன் கவிழ்ந்து உருண்டது. அத்தனை தண்ணீரையும் மண் சத்தத்தோடு உறிஞ்சிக்கொண்டது.

“இங்கயே செத்துத் தொலைச்சு எங்க தலையில போடலாம்னு பாக்குறியா?”

கொளஞ்சியப்பன் ஈர மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அந்த இன்னொரு கேன் சாட்சி. அப்படியே ஆபீசுக்கு வரணும்,” என்றான் அறிவரசன். “செல்லப்பன், நீங்க அவர் வண்டியை எடுத்துக்கிட்டு முன்னால போங்க. இவரை நான் பைக்ல ஏத்திக்கிட்டு வரேன்.”

செல்லப்பன் பெடலை மிதித்தார். வண்டி இருமி நின்றது. மறுபடி மிதித்ததும் படபடவென்று பிடித்துக்கொண்டது.

அறிவரசனுக்குப் பின்னால் சருகு நொறுங்கியது.

திரும்பினான். உசிலை மரத்தடியிலிருந்து ஒரு பெட்டை மான் வந்தது. அதை ஒட்டி இரண்டு குட்டிகள். அப்புறம் கொம்புள்ள ஒன்று, இன்னும் மூன்று. வேலைக்குச் சேர்ந்த எட்டு மாதத்தில், புதருக்குள் மறையும் வாலைத் தவிர அவன் எதையும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனிலிருந்து வந்து மேடையேறி நின்றவர்களும் வெறுங்காட்டைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

இப்போது அவை காக்கிச் சட்டையைச் சட்டை செய்யவில்லை. பத்தடி தள்ளி, நேரே தொட்டிக்குப் போய்த் தலையைக் குனிந்து, காய்ந்த சிமெண்டை நக்கின.

செல்லப்பன் வண்டியை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தார்.

“ஊத்திட்டு நான் கெளம்புற சத்தம் கேட்டுத்தான் வரும்ங்க,” என்றார் கொளஞ்சியப்பன் தாழ்ந்த குரலில். “அந்த ஒரு கேனையாச்சும் ஊத்திட்டு வந்துடட்டுங்களா சார்?”