சீமையில் ஒரு மழைத் தெரு

“அடுத்த படத்தைப் போடுங்க வாத்தியாரே! மழை பேஞ்ச தெருவுல அப்பிடி என்னத்தைப் பாக்கறது?”

இருட்டில் யாரோ கத்த, தேயிலை ஃபாக்டரியின் மேல்மாடியே சிரித்தது. படவிளக்கின் பக்கத்தில் நின்றிருந்த கொர்னேலியஸ் கண்ணாடித் தகட்டின் மேல் கை வைத்திருந்தான். தகடு நகரவில்லை.

எதிரே கட்டியிருந்த வெள்ளைத் துணியில் சீமையின் சின்ன ஊர் ஒன்று தெரிந்தது. ஈரக் கல் பாவிய தெரு, புகைபோக்கி வைத்த வீடுகள், தெருக்கோடியில் ஒரு தேவாலயக் கோபுரம். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. இடது ஓரத்தில் மட்டும் மை கொட்டியது போல ஒரு கறுப்புத் திட்டு.

“குன்னூரில் இருந்த ஒரு துரை லீவில் போனபோது தம் சொந்த ஊரைத் தாமே எடுத்த படம் இது” என்றார் வெள்ளைக்காரப் பாதிரியார். ஒவ்வோர் எஸ்டேட்டிலும் இதையேதான் சொல்வார். “நம்முடைய சபைக்குத் தானமாக அனுப்பினார்.”

“அந்தத் தெருவுல வாத்தியாருக்கு யாரோ பொண்ணு பாத்து வெச்சிருக்காங்களாட்ட இருக்குது!” என்றாள் கொழுந்து பறிக்கும் சுசீலா. மறுபடியும் சிரிப்பு. கொர்னேலியஸ் தகட்டை நகர்த்தினான்.

குளம் வந்தது. குளத்தில் வாத்து, கரையில் வைக்கோல் வேய்ந்த வீடுகள்.

“ஏனுங்க, தொரைங்க ஊர்லயும் கூரை ஊடுதானுங்களா?” கூலியாள் இசக்கிக்கு நம்ப முடியவில்லை.

“பின்னே? அவுங்க தொரையானதே இங்க வந்துதாண்டா” என்றார் கங்காணி மாரப்பன். பாதிரியாரும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

கொர்னேலியஸ் குன்னூரில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பாதிரியார் இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து சனிக்கிழமை தோறும் படவிளக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடக்கிறான். கோத்தகிரி, கூடலூர், எந்த எஸ்டேட்டானாலும் சரி. பெட்டி கல் போலக் கனக்கும். கூலி கொடுத்தால் வாங்க மாட்டான்.

துணியையும் அவன்தான் கட்டுவான். இன்றைக்கு இடது பக்கம் ஒரு தூண் மறைத்தது. உட்கார்ந்துவிட்ட ஜனத்தை எழுப்பி, திட்டு வாங்கி, துணியைத் தள்ளிக் கட்டினான்.

சீமைப் பைத்தியம் என்று அவனுக்குப் பெயர். அவன் இல்லையென்று சொன்னதில்லை. யாரிடமும் அதிகம் சொல்வதும் இல்லை. சனிக்கிழமை ஒன்றுக்காக வாரம் முழுவதையும் தள்ளிக்கொண்டிருந்தான்.

இன்றைக்கு அதுவும் கடைசி. பாதிரியார் சீமைக்குத் திரும்புகிறார். விடிந்தால் பெட்டி மதராசுக்கு ரயிலேறிவிடும்.

ஜனம் கலைந்தது. கொர்னேலியஸ் தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினான். விளக்கை இன்னும் அணைக்கவில்லை. பாதிரியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நான் போகுமுன் உன்னை ஒன்று கேட்க வேண்டும், கொர்னேலியஸ். உன் மனைவி இறந்துபோனாள் என்று சொன்னார்கள். கல்லறைத் திருநாளில் ஒருமுறைகூட உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் நான் பார்த்ததில்லையே. ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைக்க மனம் வரவில்லையா?”

“அங்க எனக்கு யாரும் இல்லீங்க ஐயா.”

பாதிரியார் அவன் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. இப்படி இறுகிப்போனவனிடம் மேற்கொண்டு என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

“போகட்டும்” என்றார். “எங்கள் தேசத்தின் மேல் உனக்கு இவ்வளவு ஆசை. அங்கே உன்னை அழைத்துப்போக என்னால் ஆகாது. ஒரு படம் தருகிறேன், உனக்கே உனக்கு. அரண்மனை வேண்டுமா? லண்டன் பாலம்? அது வர்ணம் தீட்டியது.”

கொர்னேலியஸின் கை தேடவில்லை. பெட்டிக்குள் நேராகப் போய் ஒரு தகட்டை எடுத்தது.

“மழைத் தெருவா?” பாதிரியார் சிரித்தார். “அடே, பைத்தியக்காரா! இதில் பார்க்க ஒன்றுமே இல்லையே. ஓரத்தில் கறை வேறு. கறுப்புத் தாள் ஒட்டி அந்த இடத்தை மறைத்துவிடு என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்! ஒட்டினாயா?”

“இல்லீங்க.”

“ஏன்?”

கொர்னேலியஸ் தகட்டின் ஓரத்தைச் சட்டை நுனியால் துடைத்து, விளக்குக்கு நேராகப் பிடித்தான். துணியில் ஒருபோதும் தெளியாத அந்தத் திட்டு, கிட்டத்தில் மெல்ல உருவம் கொண்டது. பாதிரியார் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்தார். முதலில் ஒரு சின்னத் தொப்பி தெரிந்தது, அதன் கீழே ஒரு வெள்ளைக் குழந்தையின் முகம். குழந்தையை இடுப்பில் தாங்கிய ஒரு கறுத்த கை. கையின் மேல் ஈரமாக ஒட்டிக் கிடந்த சேலைத் தலைப்பு.

“கறை இல்லீங்க ஐயா. அந்தக் கொழந்தைக்கு ஆயாவாக் கப்பலேறிப் போயி, திரும்பி வராத எம் சம்சாரமுங்க.”