இரண்டு விரல்

சின்ன வயதில் அகத்தினாவின் வாயிலிருந்து அவர்கள் தீவின் பேச்சான சிசிலி மொழியில் ஒரு சொல் வந்தால் போதும், அம்மா நுன்சியாவின் இரண்டு விரல்கள் பட்டென்று அவள் உதட்டில் விழும். அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டதும் கொஞ்சிக்கொண்டதும் அந்த மொழியில்தான். பிள்ளைக்கு மட்டும் பள்ளிக்கூடத்து மொழியான இத்தாலியன், அதுவும் அம்மா தட்டுத்தடுமாறிப் பேசியது. "எங்க பேச்சு எங்களோட போகட்டும். நீ டீச்சராகணும்" என்பாள். அகத்தினா டீச்சரானாள், ஓய்வும் பெற்றுவிட்டாள். போன மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. அதோடு இத்தாலியன் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போய்விட்டது, மிஞ்சியது சிசிலிதான். மகள் இத்தாலியனில் பேசப் பேச, யாரோ பள்ளிக்கூடத்து டீச்சரம்மா வந்திருப்பதாக நினைத்து அம்மா கட்டிலில் ஒடுங்கிக்கொள்கிறாள். இன்றும் சிசிலியில் கெஞ்சினாள்: "டீச்சரம்மா, என் மகளைப் பார்த்தீங்களா? இன்னும் வீடு வந்து சேரலை."

அகத்தினாவுக்குத் தாங்கவில்லை. அறுபத்திரண்டு வயதில், உதடு கூச, அந்த மொழியிலேயே சொன்னாள்: "அம்மா, நான்தாம்மா. இங்கதான் இருக்கேன்."

நுன்சியா அவளை உற்றுப் பார்த்தாள். முகம் தெளிந்தது. மகள் வந்துவிட்டாள். கை மெல்ல மேலே எழுந்தது. கன்னத்தைத் தடவத்தான் என்று அகத்தினா குனிந்துகொடுத்தாள். இரண்டு விரல்கள் அவள் உதட்டில் விழுந்தன.

"பேசாதடி," என்றாள் அம்மா, வாசலைப் பார்த்துக்கொண்டே. "டீச்சரம்மா இங்கதான் எங்கயோ இருக்காங்க."