கிளிப்பிள்ளை அமைச்சர்

தொழிலாளர் துறை அமைச்சர் பதில் சொல்லச் சபையில் எழுந்து நின்றபோதுதான், அதிகாரிகள் வரிசையில் இருந்த டைப்பிஸ்ட் தன் மடியிலிருந்த ஃபைலைத் திறந்தாள். அவர் வாசிக்க வேண்டிய பதில் அதில் பத்திரமாக இருந்தது.

அப்படியானால் அவர் கையில் இருப்பது?

நேற்று சாப்பாட்டு நேரத்தில், கூட இருக்கும் பெண்களைச் சிரிக்க வைக்க அவள் விளையாட்டாக ஒரு பதில் அடித்திருந்தாள். அமைச்சருக்கு அடிப்பது போலவே, பெரிய பெரிய எழுத்தில்.

பக்கத்தில் இருந்த துறைச் செயலாளரிடம் குனிந்தாள். "சார், தாள் மாறிப்போச்சு சார்."

"மாறினா என்னம்மா, அவரே பாத்து நிறுத்திடுவாரு" என்றவர் மறு நொடியே வெளுத்தார். "ஐயையோ, இவரா? இவரு எங்க பாக்கப்போறாரு!"

அமைச்சருக்குத் துறையில் கிளிப்பிள்ளை என்று பெயர். எதை எழுதிக் கொடுத்தாலும் ஏற்ற இறக்கத்தோடு அப்படியே ஒப்பிப்பார். போன கூட்டத்தில் தாளின் அடியில் இருந்த 'பக்கம் திருப்புக' என்பதையும் கம்பீரமாக வாசித்தார். சபையே மேசையைத் தட்டிச் சிரித்தது. அதற்கு முந்தின கூட்டத்திலும் அதே கூத்துதான்.

கேள்வி கேட்ட எதிர்க்கட்சி உறுப்பினர் ஒரு பல் டாக்டர். விடுவதாக இல்லை. "எண்பத்தொன்பது நாள் வேலை, ஒரு நாள் வீடு, மறுபடியும் எண்பத்தொன்பது நாள்! இந்தத் தற்காலிக ஊழியர்களை எப்பதான் நிரந்தரமாக்குவீங்க? 'பரிசீலனையில் உள்ளது'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க!"

டைப்பிஸ்டும் பதினோரு வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறாள். நாளை அவளுக்கு எண்பத்தொன்பதாவது நாள். திரும்பச் சேர்ப்பதும் சேர்க்காததும் செயலாளர் கையில்.

அமைச்சர் தொண்டையைச் செருமினார். "ஆம். வருகிற முதல் தேதியிலிருந்து அத்தனை பேரும் நிரந்தரம்."

சபை மூச்சுவிட மறந்தது. டாக்டர் உட்கார மறந்தார். நிதி அமைச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷம் காக்க வைத்ததற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது" என்றார் அமைச்சர். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். தாளைத் திருப்பினார். "மேலும், டைப் அடிப்பவர்களின் மூன்று கால் நாற்காலிகளுக்கு நாலாவது காலும் வழங்கப்படும்!"

மேசைகள் அதிர்ந்தன. பார்வையாளர் மாடத்தில் துப்புரவுக்காரர் ஒருவர் விசிலடித்தார். வாசல் காவலர் அவரை அதட்டவில்லை, அவரும் தற்காலிகம்தான்.

செயலாளர் பல்லைக் கடித்தார். "நிதித் துறை நாலு தடவை முடியாதுன்னு திருப்பி அனுப்பின விஷயம்மா இது! இப்ப சபையில சொன்னது சொன்னதுதான், செஞ்சே ஆகணும். உனக்கு நாளையோட கடைசி, தெரிஞ்சுக்கோ."

அதற்குள் ஆள் வந்துவிட்டது. அமைச்சர் அவளைக் கூப்பிடுகிறாராம்.

அவர் அறையில் தனியாக உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். எதிரே அந்தத் தாள்.

"ஐயா, மன்னிச்சிடுங்க" என்றாள். "வேணும்னு செய்யலை."

"தெரியும்மா. நாளைக்கு உன்னை வீட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு செயலாளருக்குச் சொல்லி அனுப்பிட்டேன். உக்காரு. இது நாலு கால் நாற்காலிதான்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "என்னால உங்களுக்குத்தான் கெட்ட பேரு. கிளிப்பிள்ளை பாக்காமலே வாசிச்சிடுச்சுன்னு வெளிய எல்லாரும் சிரிக்கிறாங்க ஐயா."

"சிரிக்கட்டும்" என்ற அமைச்சர் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். முதல் பக்கத்தின் அடியில், கைப்பழக்கத்தில் அவளே அடித்திருந்த 'பக்கம் திருப்புக' மீது விரலை வைத்தார்.

"இதை வாசிச்சேனாம்மா?"